பதிவேட்டுக்கு யார் காவல்?

ஞானஸ்நானம், கல்யாணம், காணிக்கை, மனக்கவலை என்று மக்கள் நம்பி ஒப்படைத்த விவரங்கள் சர்ச் அலமாரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு இடம் மாறிவிட்டன. அலமாரியைக் காத்த விதிகள் மட்டும் இன்னும் இடம் மாறவில்லை.

2019 ஏப்ரல் 17, புதன்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் நான்கே நாட்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் க்ளீவ்லாண்டுக்கு அருகே உள்ள பிரன்ஸ்விக் நகரின் செயின்ட் ஆம்ப்ரோஸ் கத்தோலிக்க சர்ச்சுக்கு ஒரு விசாரிப்பு வந்தது. சர்ச்சைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம் கேட்டது ஒரே கேள்விதான். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே, என்ன காரணம்?

சர்ச் நிர்வாகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதம் தவறாமல் பணம் அனுப்பியாகிவிட்டது. பணம் போய்ச் சேர்ந்ததாக வங்கியிலிருந்து தகவலும் வந்திருந்தது. எஃப்.பி.ஐ. வந்து தோண்டிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. சர்ச் ஊழியர்களின் இரண்டு இ-மெயில் கணக்குகளுக்குள் யாரோ நுழைந்திருந்தார்கள். கட்டுமான நிறுவனம் வங்கியை மாற்றிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று நம்ப வைத்திருந்தார்கள். சர்ச்சும் நம்பி அனுப்பியது. அந்தக் கணக்கிலிருந்து பணம் உடனுக்குடன் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. மொத்தம் சுமார் 17.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்.

பங்குக் குரு பாப் ஸ்டெக் சில நாட்களிலேயே தன் மக்களுக்குக் கடிதம் எழுதி நடந்ததைச் சொன்னார். அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு. சர்ச் அங்கத்தினர்களின் விவரத் தொகுப்பு தனியாக, பல அடுக்குப் பாதுகாப்புடன், வேறு இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதனால் அது தப்பித்தது. பறிபோனவை இரண்டு இ-மெயில் கணக்குகள் மட்டுமே. ஒரு சர்ச்சின் இரண்டு மாதக் கட்டுமானப் பணத்தைக் கரைக்க அந்த இரண்டே போதுமானதாக இருந்தது.

இரும்புப் பெட்டியை யாரும் உடைக்கவில்லை. வங்கியின் கம்ப்யூட்டருக்குள்ளும் யாரும் புகவில்லை. பணத்தை அனுப்பியதே சர்ச்தான்.

நம்பிக்கை என்ற பலவீனம்

இந்த மோசடியில் வித்தை அதிகம் இல்லை. பொறுமைதான் அதிகம். முதலில் ஓர் ஊழியரின் பாஸ்வேர்டு கிடைக்க வேண்டும். 'உங்கள் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே கிளிக் செய்து உறுதிப்படுத்துங்கள்' என்பது போன்ற ஒரு போலிக் கடிதம் அதற்குப் போதும். உள்ளே நுழைந்தவன் உடனே எதையும் தொடமாட்டான். யார் யாருக்குப் பணம் போகிறது, எந்தத் தேதியில், எந்தத் தொனியில் எழுதுகிறார்கள் என்று படித்துக்கொண்டிருப்பான். பில் வர வேண்டிய நாளில், பழகிய தோரணையில், பழகிய கையெழுத்துடன் ஒரு கடிதம் வரும். மாறியிருப்பது கணக்கு எண் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இந்த வகை மோசடி பற்றி எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2019இல் மட்டும் 23,775 புகார்கள் வந்தன. இழப்பு 170 கோடி டாலருக்கும் மேல். 2023இல் புகார்கள் 21,489ஆகக் குறைந்தன. ஆனால் இழப்பு 290 கோடி டாலராக ஏறியது. ஏமாறுகிறவர்களில் பெரும் கம்பெனிகளும் உண்டு, நகராட்சிகளும் உண்டு. சர்ச் மட்டும் விதிவிலக்காக இருக்க முடியாது.

சொல்லப்போனால் சர்ச்சில் இது இன்னும் சுலபம். கம்பெனியில் கணக்குப் பிரிவு என்று ஒன்று இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். சர்ச் அலுவலகத்தில் பெரும்பாலும் ஒரு குமாஸ்தா, பொருளாளராக இருக்கும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், மாலை நேரத்தில் வந்து உதவும் இரண்டு கல்லூரி மாணவர்கள். கம்ப்யூட்டர் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. சில இடங்களில் அது மானிட்டரின் ஓரத்திலேயே சீட்டாக ஒட்டப்பட்டிருக்கும். உதவி கேட்டு வருகிறவரைச் சந்தேகிக்காமல் இருப்பதுதான் அந்த இடத்தின் பண்பு. மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுவே.

பாதிரியார் பெயரில் 'அவசரம், கூட்டத்தில் இருக்கிறேன், போன் செய்யாதீர்கள், ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உடனே பணம் அனுப்ப வேண்டும்' என்று வாட்ஸப்பில் செய்தி வந்தால் எத்தனை பேர் தயங்குவார்கள்? முன்பு இப்படிப்பட்ட செய்திகளை அவற்றின் கொச்சையான மொழியே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது; குரலைக்கூட நகலெடுக்கிறது.

குறி பணம் மட்டுமல்ல

பணம் போனால் காப்பீடு கைகொடுக்கலாம். விவரம் போனால் எந்தக் காப்பீடும் அதைத் திருப்பித் தராது.

உட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிந்திய நாள் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை, 2022 மார்ச் இறுதியில் தன் கம்ப்யூட்டர்களில் அந்நியர் நுழைந்ததைக் கண்டுபிடித்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், அங்கத்தினர் பதிவு எண் போன்ற விவரங்கள் அவர்கள் கையில் சிக்கின. காணிக்கைக் கணக்கும் வங்கி விவரமும் அதில் இல்லை என்று சபை சொன்னது. இதன் பின்னணியில் ஏதோ ஓர் அரசு இருக்கலாம் என்பது அமெரிக்கப் புலனாய்வாளர்களின் சந்தேகம். அவர்கள் கேட்டுக்கொண்டபடி சபை மௌனம் காத்தது; அக்டோபர் 13ஆம் தேதிதான் அங்கத்தினர்களுக்கு விஷயம் தெரிந்தது.

ஓர் அரசுக்கு சர்ச்சின் கம்ப்யூட்டரில் என்ன வேலை? இதற்கு ஒரு விடையை ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2020 ஜூலையில் தந்தது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்திலிருந்தே வாடிகனும் ஹாங்காங் கத்தோலிக்க மறைமாவட்டமும் சீன அரசுத் தொடர்புள்ள ஒரு குழுவின் குறியாக இருந்தன என்றது அதன் அறிக்கை. பிஷப்புகள் நியமனம் பற்றி 2018இல் வாடிகனும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய தருணம் அது. கண்ணியாகப் பயன்பட்ட கோப்புகளில் ஒன்று, வாடிகனின் பெயரில் அமைந்த ஓர் இரங்கல் கடிதம். துக்கச் செய்தியைத் திறந்து பார்க்காதவர் யார்? சீனா குற்றச்சாட்டை மறுத்தது.

சர்ச் தானே எதுவும் தவறு செய்யாவிட்டாலும் ஆபத்து வரலாம். நன்கொடையாளர் பட்டியலைப் பராமரிக்கும் சாஃப்ட்வேரை விற்கும் அமெரிக்காவின் பிளாக்பாட் நிறுவனம் 2020 மே மாதம் தன் கம்ப்யூட்டர்களில் ஊடுருவல் நடந்திருப்பதைக் கண்டது. வந்தவர்கள் பிப்ரவரியிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறார்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், தர்ம ஸ்தாபனங்கள், மத அமைப்புகள் என்று 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. நிறுவனம் பிணைத்தொகை கட்டியது. வங்கிக் கணக்கு விவரம் எதுவும் போகவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு சிலருடையது போனதை ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு 2023 மார்ச்சில் 30 லட்சம் டாலர், அதே ஆண்டு அக்டோபரில் 49 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் சேர்த்து 4.95 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. ஆனால் பட்டியலில் இருந்தவர்கள் தங்கள் விவரத்தைக் கொடுத்தது பிளாக்பாட்டை நம்பி அல்ல. அவரவர் சர்ச்சையும் பள்ளியையும் நம்பி.

எல்லாவற்றிலும் கொடியதற்கு உதாரணம் ஃபின்லாந்திலிருந்து வருகிறது. அது சர்ச் அல்ல, வாஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனம். 2020இல், களவுபோன ஆலோசனைக் குறிப்புகளை வைத்து ஒருவன் முதலில் நிறுவனத்தை மிரட்டினான். பணியவில்லை என்றதும் ஆலோசனைக்கு வந்தவர்களையே தனித்தனியாக மிரட்டத் தொடங்கினான். பணம் கொடு, இல்லாவிட்டால் நீ ஆலோசகரிடம் அழுதுகொண்டு சொன்னது எல்லோருக்கும் தெரியும். சுமார் 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் திவாலானது. குற்றவாளிக்கு 2024 ஏப்ரலில் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் என்று தங்களிடம் வருகிறவர்கள் சொல்வதை நோட்டுப் புத்தகத்திலோ லாப்டாப்பிலோ குறித்து வைக்கும் பாதிரியார்களும் போதகர்களும் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு வரியின் கனம்

ஒஹாயோவில் போனது பணம். இந்தியாவில் ஒரு சர்ச்சின் பதிவேட்டில் இருப்பது பணத்தைவிடக் கனமான சரக்கு.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த உத்தரவின்படி பட்டியல் சாதிக்கான உரிமைகள் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அதனால் தலித் குடும்பம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவு அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுடைய படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கும் ஆவணமாகிறது.

இது வெறும் அனுமானம் இல்லை. புதுச்சேரியில் அரசு குமாஸ்தா பணிக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் மேல்முறையீட்டை 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தான் இந்து என்பது அவர் வாதம். அவர் குழந்தையாக இருந்தபோது சர்ச்சில் நடந்த ஞானஸ்நானம் பற்றிய ஆவணம் அவருக்கு எதிராக நின்ற ஆதாரங்களில் ஒன்று. அந்த ஆவணம் முறைப்படியான விசாரணையில் வெளிவந்தது; யாரும் திருடவில்லை. நீதிமன்றத்தின் முடிவு சரியா, 1950ஆம் ஆண்டின் உத்தரவு நியாயமா என்பது தனி விவாதம். சர்ச் பதிவேட்டின் ஒரு வரிக்கு இந்த நாட்டில் எவ்வளவு கனம் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது. அதே வரி சட்டத்தின் வழியாக அல்லாமல், மிரட்டிப் பணம் பறிக்கிறவன் கையிலோ ஊர்ப்பகை பாராட்டுகிறவன் செல்போனிலோ போய்ச் சேர்ந்தால்?

மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள மாநிலங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒடிசாவில் 1967 முதலே இத்தகைய சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், மதம் மாற விரும்புகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசு கேட்கும் விவரத்தை அரசுக்குத் தருவது சட்டக் கடமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், யார் புதிதாக வந்தவர் என்ற பட்டியல் வாட்ஸப் குழுக்களில் சுற்றுவது வேறு விஷயம். அது ஒரு கும்பலின் கையில் கிடைத்தால் வீட்டு விலாசத்தைத் தேடி அலைய வேண்டிய வேலை மிச்சம்.

ரகசியம் கசிவது ஒரு பக்கம். பதிவே திருத்தப்படுவது இன்னொரு பக்கம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் நடக்கும் திருமணங்களின் பதிவுக்குச் சட்ட மதிப்பு உண்டு. சொத்து வழக்கிலும் ஜீவனாம்ச வழக்கிலும் வெளிநாட்டு விசா விண்ணப்பத்திலும் அது சாட்சியாக நிற்கிறது. மசியில் எழுதிய பதிவேட்டில் ஒரு பெயரைச் சுரண்டினால் தடம் தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் கோப்பில் ஒரு தேதியை மாற்றினால், யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு தனியாக வைக்கப்பட்டிருந்தால் ஒழிய, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அலமாரிக்கு இருந்த சட்டம்

வேடிக்கை என்னவென்றால் ரகசியத்தைக் காக்கும் கலையில் திருச்சபை புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது 1563இல், ட்ரெண்ட் நகரச் சங்கத்தில். இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினால், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் வகுப்பெடுத்துச் சொல்லும் பாடங்களில் பல அங்கே வேறு பெயரில் இருக்கின்றன.

மறைமாவட்ட ஆவணக் காப்பகம் பூட்டியிருக்க வேண்டும். சாவி பிஷப்பிடமும் செயலரிடமும் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது 487ஆம் விதி. யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று வரையறுப்பதுதான் இது. தன்னைப் பற்றிய, பொதுவான தன்மையுள்ள ஆவணத்தின் நகலைப் பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆவணத்தை வெளியே எடுத்துப்போவதானால் குறுகிய காலத்துக்கு, அதுவும் மேலிட அனுமதியுடன்தான் என்கிறது 488. ரகசிய ஆவணங்களை வைக்கும் பெட்டகம் பூட்டப்பட்டதாகவும் பெயர்த்தெடுக்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது 489. அங்கத்தினர் பட்டியல் முழுவதையும் பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற காலத்தில் இந்த விதியைப் படிக்கச் சற்றே வெட்கமாக இருக்கும்.

அதே 489ஆம் விதியில் இன்னொன்றும் உண்டு. ஒழுக்கம் தொடர்பான குற்ற வழக்குகளில், குற்றவாளி இறந்துவிட்டாலோ தீர்ப்பாகிப் பத்தாண்டு கடந்துவிட்டாலோ அந்த ஆவணங்களை ஆண்டுதோறும் அழித்துவிட வேண்டும். சுருக்கக் குறிப்பும் தீர்ப்பும் மட்டும் மிஞ்சினால் போதும். தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாதே என்று இன்றைய தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் சொல்வதன் பழைய வடிவம் இது. தவறை மறைக்க ஆவணத்தை அழிப்பதும் வேலை முடிந்த விவரத்தைக் களைவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும் புகாரின் காகிதத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

விதிகள் இருந்தன. அலமாரியிலிருந்த விவரம் கம்ப்யூட்டருக்குப் போனபோது விதிகளையும் கூடவே அழைத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது நாட்டின் சட்டமும் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பதிவேட்டை இந்தச் சட்டம் தொடாது. ஆனால் அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய நிமிடத்திலிருந்து தொடும். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் சர்ச்சுகள் இதைக் கவனிக்க வேண்டும். போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஒரு குறையும் உண்டு. 2019ஆம் ஆண்டின் மசோதா, மத நம்பிக்கையையும் சாதியையும் தனிக் கவனம் தேவைப்படும் நுண்ணிய விவரங்கள் என்று பிரித்து வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. செல்போன் எண்ணும் ஞானஸ்நானத் தேதியும் அதன் கண்ணில் ஒரே ரகம். வித்தியாசத்தை உணர வேண்டிய பொறுப்பு பதிவேட்டை வைத்திருப்பவருடையது.

காசு செலவில்லாத காவல்

பாதுகாப்பு என்றதும் பணம் வேண்டுமே என்ற பெருமூச்சு எழுகிறது. செயின்ட் ஆம்ப்ரோஸைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு போன் அழைப்பு. வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, ஏற்கெனவே டைரியில் இருக்கும் பழைய எண்ணுக்குப் பேசிக் கேட்பது என்ற ஒரே ஒரு பழக்கம். பெரிய தொகை என்றால் இரண்டு பேர் ஒப்புதல் தந்த பிறகே அனுப்புவது என்பது இரண்டாவது. 'அவசரம், யாரிடமும் கேட்காதே' என்று எழுதியிருந்தால் அவசியம் கேட்பது என்பது மூன்றாவது.

வெளிநாட்டு நன்கொடை பெறும் சபைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அந்தப் பணம் தில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டுமே வர முடியும். 'எங்கள் கணக்கு மாறிவிட்டது, வேறு வங்கிக்கு அனுப்புங்கள்' என்று இந்திய பிஷப் ஒருவர் பெயரில் கடிதம் போனால் அது போலி என்று சந்தேகிக்க அதுவே போதும். நன்கொடை தரும் அமைப்புகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

அடுத்து, சாவிக்கொத்து. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு பெரும்பாலான இ-மெயில் சேவைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அது இருந்தால் பாஸ்வேர்டு மட்டும் திருடியவனால் உள்ளே வருவது கடினம். அந்தக் குறியீட்டை மட்டும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. காணிக்கைக் கணக்கு எழுதுகிறவருக்கு ஆலோசனைக் குறிப்பு தெரிய வேண்டியதில்லை. பாடகர் குழுவின் தலைவருக்கு எல்லாக் குடும்பங்களின் விலாசமும் வேண்டியதில்லை. பாதிரியார் மாற்றலாகிப் போனாலோ தன்னார்வலர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலோ அன்றைக்கே அவருடைய அனுமதியை நீக்க வேண்டும். வருத்தப்பட இதில் எதுவும் இல்லை. வீட்டைக் காலி செய்கிறவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லையா?

மூன்றாவது, நகல். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தாக்குதலுக்கு வேறு மருந்து குறைவு. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இப்படி முடங்கியது. நாட்டின் முதன்மையான மருத்துவமனையே நாட்கணக்கில் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்ப வேண்டியிருந்தது. சர்ச் விவரங்களின் நகல் ஒன்று கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாமல், வேறு கட்டடத்தில், பூட்டுக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து விவரத்தை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பார்த்துவிட வேண்டும். திறக்காத நகலை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மசியில் எழுதிய பழைய பதிவேட்டைக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று கரையானுக்குக் கொடுத்துவிடக் கூடாது. எந்த ஹேக்கராலும் அதைத் தொட முடியாது.

நான்காவது, சும்மா இருப்பது. ஜெப விண்ணப்பத்தை வாட்ஸப்பில் போடும்போது வியாதியின் பெயரும் வார்டு எண்ணும் எதற்கு? குடும்ப அட்டை படிவத்தில் ஆதார் எண் எதற்கு? ஞானஸ்நான விழாவின் நேரடி ஒளிபரப்பில் குழந்தையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் திரையில் எதற்கு? கேட்காத விவரம் களவு போகாது.

இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் தவறு நடக்கலாம். பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே தேசிய உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணம் வங்கியிலிருந்து வங்கிக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. வங்கிக்கும் சொல்ல வேண்டும். கமிட்டி கூட்டித் தீர்மானம் போட்டுப் போலீஸுக்குப் போவதற்குள் பணம் நாலு மாநிலம் தாண்டியிருக்கும்.

மக்களிடமும் சொல்ல வேண்டும். இங்கேதான் பல நிறுவனங்கள் தடுமாறுகின்றன. மானம் போய்விடும், காணிக்கை குறைந்துவிடும், எதிரிகள் சிரிப்பார்கள் என்ற பயம். மார்மன் சபைக்கு அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள் என்ற காரணமாவது இருந்தது. அப்படி ஏதும் இல்லாதபோது மௌனம் காத்தால் நஷ்டம் விவரம் பறிபோனவர்களுக்குத்தான். தன் எண் கசிந்தது தெரிந்தால் ஒரு விதவைத் தாய் அடுத்து வரும் போலி அழைப்பில் உஷாராக இருப்பாள். தெரியாவிட்டால் அவளுடைய சேமிப்பும் போகும்.

புதுச்சேரி வழக்கின் பெண் ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுவரப்பட்டபோது கைக்குழந்தை. தன் பெயரை எழுதட்டுமா என்று அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. சர்ச்சுகளின் பதிவேடுகளில் இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஏறியிருக்கின்றன. சம்மதம் கேட்கப்படாதவர்களின் சொத்துக்கு அதை எழுதி வைத்தவர்தான் காவலாளி. அடுத்த முறை சர்ச் கமிட்டி கூடும்போது கூரை ஒழுகல், திருவிழா வரவு செலவு ஆகியவற்றோடு இன்னும் ஒரு விஷயத்தையும் எடுத்துக்கொள்ளலாம்: நம் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு இந்த நிமிடம் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள்?